கடல்காற்று வருவதற்குள் ஆறு ரவுண்டு: கடலூர், புதுச்சேரி வயல்வெளியில் எஃப்3கே கிளைடர் போட்டி நடத்தும் முறை

கடலூர், புதுச்சேரிப் பக்கம் ரேடியோவால் இயக்கும் மாடல் கிளைடர் போட்டி வைக்கிறவர்களுக்கு நேரம்தான் முதல் விதி. பிப்ரவரியிலிருந்து மே வரை, வெயில் ஏறி தெர்மல் (மாடலை மேலே தூக்கும் சூடான காற்று) கிளம்ப ஏறக்குறைய ஒன்பது மணி ஆகும். அதன் பிறகு கடல்காற்று உள்ளே வரும்வரைதான் நல்ல காற்று. வந்துவிட்டால் கரையோரத்தில் தெர்மல் உடைந்துபோகும். அதனால் கடலிலிருந்து 10, 15 கிலோமீட்டராவது உள்ளே தள்ளி இடம் பாருங்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் ஒரு மணி நேரமாவது கூடுதலாகக் கிடைக்கும்.

மாடல் கிளைடர் போட்டியில் பல வகை உண்டு. எஃப்3பி, எஃப்3ஜே இரண்டுக்கும் வின்ச்சோ (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் மோட்டார்) கயிறு இழுக்க ஆட்களோ வேண்டும். எஃப்3எஃப்-க்குச் சரிவு வேண்டும். நம் தட்டை நிலத்துக்குப் பொருந்துவது கையால் சுழற்றி வீசும் எஃப்3கே. மோட்டார் வைத்த எஃப்5ஜே அதற்கு அடுத்தது. புதிதாகத் தொடங்கும் குழு எஃப்3கே-யில்தான் தொடங்க வேண்டும். செலவு குறைவு, பத்து நிமிடத்தில் ஒரு பைலட் ஐந்தாறு முறை பறக்கிறார், கற்றுக்கொள்வதும் வேகமாக நடக்கும்.

இடம்

நெல் அறுத்த வயல் தூரத்திலிருந்து காலியாகத் தெரியும். கிட்டே போனால் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும். சம்பா அறுப்புக்கு முன்பே விதைத்திருப்பார்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். காய்ந்த தாள் இறக்கையின் அடித்தோலைக் குத்திக் கிழித்தும் விடும். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கிய கொல்லை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை: மண் பொலபொலவென்று இருக்கும், குத்த எதுவும் இருக்காது.

100 மீட்டருக்கு 50 மீட்டர் அளவில் கொடி நட்டு எல்லை போடுங்கள். வரப்பையே எல்லையாக வைக்க வேண்டாம். மாடலைப் பிடிக்க அண்ணாந்தபடி ஓடுகிறவர் கண்ணுக்கு வரப்பு தெரியாது. அதற்கு 2 மீட்டர் உள்ளே தள்ளி நாடா கட்டுங்கள். மாடல் எல்லைக்குள் இறங்கினால்தான், அல்லது பைலட் எல்லைக்குள் நின்று பிடித்தால்தான் அந்தப் பறப்புக்குக் கணக்கு. வெளியே விழுந்தால் பூஜ்யம். கிழக்கு ஓரத்தில் பனைமரம் இருக்கும் இடத்தைத் தவிருங்கள். காலையில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் மாடல்கள் அந்தப் பக்கம்தான் ஒதுங்கும்.

லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 12 கிலோமீட்டருக்குள் போட்டி வைக்காதீர்கள். ட்ரோன் விதிகள் 2021-ன்படி பச்சை மண்டலத்தில் அனுமதி இல்லாமல் பறக்கும் உச்சம் 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அது 200 அடிதான், அதாவது சுமார் 60 மீட்டர். நன்றாக வீசினால் எஃப்3கே மாடல் அந்த உயரத்தை வீச்சிலேயே தொட்டுவிடும். எந்த இடம் எந்த மண்டலம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.

மாடல் சோதனை

இறக்கை நீளம் 1500 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, எடை 600 கிராமுக்கு மேல் கூடாது. மூக்கின் முனை குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரம் உருண்டிருக்க வேண்டும், இது ஆள் மேல் பட்டால் குத்தாமல் இருக்க. இறக்கை நுனியில் விரல் மாட்டும் பெக்கை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒட்டிய இடத்தில் மயிரிழை அளவு வெள்ளைக் கோடு தெரிந்தால் பசை விடுகிறது என்று அர்த்தம். அந்த மாடலை வீச விடாதீர்கள். பெக் பிய்ந்தால் மாடல் எந்தத் திசையில் போகும் என்று யாருக்கும் தெரியாது.

எந்த டாஸ்க், எப்போது

டாஸ்க் என்பது ஒரு ரவுண்டில் எப்படிப் பறக்க வேண்டும் என்ற பணி, வொர்க்கிங் டைம் என்பது அதற்குக் கொடுக்கும் நேரம். பத்துப் பேர் என்றால் ஐந்து ஐந்தாக இரண்டு குழு. தயாராக 2 நிமிடம், வொர்க்கிங் டைம் 10 நிமிடம், இறங்க 30 வினாடி, குழு மாற இரண்டு மூன்று நிமிடம்: ஒரு குழுவுக்கு 15 நிமிடம், ஒரு ரவுண்டுக்கு அரை மணி. எட்டு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் ஆறு ரவுண்டு முடியும்.

எட்டு மணிக் காற்றில் ஏற்றம் இருக்காது. அப்போது ஐந்து நிமிட இலக்கு வைத்தால் எல்லோரும் தரையில்தான் நிற்பார்கள். டாஸ்க் ஜி வையுங்கள்: நீண்ட ஐந்து பறப்புகள், ஒவ்வொன்றுக்கும் உச்சம் 120 வினாடி. ஐந்து இரண்டு நிமிடங்கள் சேர்ந்தால் பத்து நிமிடம், அதாவது வொர்க்கிங் டைம் முழுவதும். பிடித்து மறுபடி வீச 2 வினாடி ஆனால் நான்கு முறைக்கு 8 வினாடி போய்விடும். கையில் பிடிக்காமல் தரையில் இறக்கி எடுக்கிறவர் இங்கேதான் பின்தங்குகிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் வீசும் ஆல் அப் லாஸ்ட் டவுன் டாஸ்க்கும் காலைக்கு ஏற்றது. சிக்னல் கேட்ட 3 வினாடிக்குள் எல்லோரும் வீச வேண்டும், உச்சம் 180 வினாடி.

ஒன்பதரைக்கு மேல் டாஸ்க் எச்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நிமிடம், எந்த வரிசையிலும். நீண்ட நான்கு பறப்புகளை இலக்குகளோடு பொருத்த வேண்டும், மிகுதி நேரம் சேராது. 63, 107, 182, 204 வினாடி பறந்தவருக்கு 60 + 107 + 180 + 204 = 551. பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டால் நான்கு நிமிடத்தை முதலில் எடுங்கள். காற்று செத்துக் கிடந்தால் ஒரு நிமிடத்தை முடித்துக்கொண்டு காத்திருங்கள்.

டாஸ்க் ஏ-யில் கடைசிப் பறப்பு மட்டுமே கணக்கு, உச்சம் 300 வினாடி. புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நாலு நிமிடம் பத்து வினாடி பறந்துவிட்டு, இன்னும் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி வீசினால் முந்தினது அழிந்துபோகும். எந்த டாஸ்க்கிலும் வொர்க்கிங் டைம் முடிந்து 30 வினாடிக்குள் இறங்காவிட்டால் அந்தப் பறப்பு பூஜ்யம்.

மதிப்பெண்

குழுவில் முதலாமவருக்கு 1000. மற்றவர்களுக்கு, அவர் நேரத்தை முதலாமவர் நேரத்தால் வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். முதலாமவர் 580 என்றால் 551 எடுத்தவருக்கு 950. எட்டரை மணிக் குழுவையும் பத்து மணிக் குழுவையும் நேரடியாக ஒப்பிட்டால் அநியாயம், அதனால்தான் இந்தக் கணக்கு. ஒவ்வொரு ரவுண்டிலும் குழுவைச் சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். ஒரே ஐந்து பேர் கடைசிவரை சேர்ந்தே பறந்தால் புள்ளிகள் எதையும் காட்டாது.

பைலட்டின் பக்கத்தில் நின்று நேரம் குறிக்கும் ஆள்தான் டைமர், அவர் கையில்தான் பாதிப் போட்டி இருக்கிறது. மாடல் கையை விட்ட கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்த வேண்டும், தரையையோ பைலட்டையோ தொட்ட கணத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் எழுதிவிட வேண்டும். ஐந்து பறப்பையும் மனதில் வைத்துக் கடைசியில் எழுதினால் சண்டைதான் மிஞ்சும். மிச்ச நேரத்தை நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லுங்கள், கடைசி அரை நிமிடத்தை எண்ணுங்கள். பைலட் தன் மாடலை மட்டுமே பார்க்கிறார், மற்ற மாடல்கள் எங்கே ஏறுகின்றன என்று சொல்வதும் டைமர்தான்.

எஃப்5ஜே வைப்பதானால்

மோட்டாரை ஒரே தடவை, அதிகபட்சம் 30 வினாடி ஓட்டலாம். மோட்டார் நின்று 10 வினாடி வரை எட்டிய உச்ச உயரத்தை மாடலில் உள்ள கருவி பதியும். பறந்த வினாடிக்கு ஒரு புள்ளி, குறிக்கு அருகே இறங்கினால் கூடுதல் புள்ளி; ஏறிய உயரத்தில் மீட்டருக்கு அரைப் புள்ளி கழியும், 200 மீட்டரைத் தாண்டினால் மீட்டருக்கு 3. 80 மீட்டரில் நிறுத்தி 595 வினாடி பறந்து, குறிக்கு 1 மீட்டருக்குள் இறங்கினால் 595 + 50 − 40 = 605. 150 மீட்டர் ஏறி 597 வினாடி பறந்து, 2 மீட்டருக்குள் இறங்கினால் 597 + 45 − 75 = 567 மட்டுமே. மோட்டாரை மறுபடி ஓட்டினால் அந்தப் பறப்பே பூஜ்யம். நமக்கு 120 மீட்டர் எல்லை இருப்பதால் ஏற்றத்தை 90 மீட்டரோடு நிறுத்தச் சொல்லி ரேடியோவில் அலாரம் வைக்கச் சொல்லுங்கள். தெர்மலில் எல்லையை நெருங்கும்போது இறக்க, இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளைத் தாழ்த்தும் பிரேக் எல்லா மாடலிலும் இருக்க வேண்டும்.

கடல்காற்று வரும் அடையாளம்: கொடி இரண்டு மூன்று நிமிடம் தொய்ந்து கிடக்கும், பிறகு கிழக்கிலிருந்து படபடக்கும், முகத்தில் குளிர்ச்சி தெரியும். அதன் முன்விளிம்பில் சிறிது நேரம் நல்ல ஏற்றம் கிடைக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. ஒரு குழு பறந்து முடித்து, மற்றது நிற்கும்போது அது வந்தாலும் பரவாயில்லை. நடந்துகொண்டிருக்கும் ரவுண்டை முடித்துவிடுங்கள். அடுத்ததைத் தொடங்காதீர்கள்.