பழைய அடுக்குமாடியின் தூணைத் தட்டிப் பாருங்கள்

பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் என் சித்தியின் அடுக்குமாடிக்கு வயது 38. போன மாதம் கார் நிறுத்தும் தளத்தில் ஒரு தூணின் அடியைச் சுத்தியலால் தட்டினேன். பொள்ளலாகக் கேட்டது. பூச்சு கையோடு பெயர்ந்து வந்தது. உள்ளே ரிங் கம்பி, அதாவது தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டும் கம்பி, சுள்ளி மாதிரி மெலிந்து, ஓரிடத்தில் அறுந்தே போயிருந்தது.

நீங்களும் அந்தத் தளத்திலிருந்தே தொடங்குங்கள். மேலே சுவர்கள், கீழே வெறும் தூண்கள் என்றால், நிலம் ஆடும்போது பெரும்பாலான அசைவைக் கீழ்த்தளமே வாங்கும். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்தவற்றில் பல இப்படிப்பட்டவைதான். சென்னையும் 2002இல் மிதமான ஆபத்துள்ள மூன்றாம் நிலநடுக்க மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

கம்பி போகும் வழியே நெடுக விரிசலோ பழுப்புக் கறையோ இருக்கிறதா? துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் வெடிக்கிறது. முக்கியமாக ரிங்கைப் பாருங்கள். மெல்லியது, வெளிப்பக்கம் இருப்பது, முதலில் அரிபடுவது அதுதான். ரிங் போனால் ஆட்டத்தில் நெடுங்கம்பி பிதுங்கும், தூண் நொறுங்கும்.

உடைத்த புதுப்பரப்பில் பினாப்தலீன் தெளியுங்கள்; காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் சோதனைத் திரவம் அது. நிறம் மாறாவிட்டால் கம்பிக்கு இருந்த காரப் பாதுகாப்பு போய்விட்டது. கடலோரத்தில் இளஞ்சிவப்பானாலும் நிம்மதி வேண்டாம். உப்பு தனியே அரிக்கும். கான்கிரீட்டுக்குள் அந்த உப்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் குளோரைடு சோதனையும் கேளுங்கள்.

மேலே சிமெண்ட் பூசி வெள்ளையடிக்க மட்டும் விடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, அவர் சொல்லும் இடத்தில் முட்டுக் கொடுங்கள். கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, 135 பாகை கொக்கியோடு புது ரிங் கட்டி, பிறகே ஜாக்கெட்டிங், அதாவது பழைய தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போடுவது. சித்தி வீட்டில் அடுத்த வாரம் ஆறு தூணுக்கு முட்டு வைக்கிறோம்.