அவள் பொய் சொல்லவில்லை: சைக்கலாஜிக்கல் த்ரில்லரில் வாசகர் சறுக்கும் இடங்கள்

போன மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், தான் படித்து முடித்த த்ரில்லரைக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் ஒட்டுத்தாள். எல்லாவற்றிலும் ஒரே சொல்: ‘பொய்’. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 15 வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு நாவலின் ஓரங்களில் பென்சிலால் இப்படித்தான் எழுதிவைத்தேன். என் சொல் ‘கனவு’.

கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கதைசொல்லியை நம்ப முடியாது, ஆகவே எல்லாம் பொய்

கதை சொல்பவள் குடிக்கிறாள், அல்லது தூக்க மாத்திரை போடுகிறாள். ஏதோ ஓர் இரவு அவள் நினைவில் இல்லை. 20ஆம் பக்கத்தில் இது தெரியவந்ததுமே ‘ஆகா, நம்பகமற்ற கதைசொல்லி!’ என்று வாசகர் கண்டுபிடித்துவிடுகிறார். அதற்கப்புறம் அவள் எதைச் சொன்னாலும் தள்ளுபடி. மனநலப் பிரச்சினை இருப்பவள் என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம், கொலையையும் அவள் தலையில் கட்டிவிடுவார்கள்.

நான் செய்ததும் இதே காரியம்தான். அந்த நாவலின் நாயகிக்கு ராத்திரியில் மாடியில் காலடிச் சத்தம் கேட்கும். மாத்திரை போட்டுத் தூங்குகிறவள் ஆயிற்றே என்று முதல் தடவையே ‘கனவு’ என்று எழுதினேன். மொத்தம் 7 இடங்களில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் காலடிகளை எண்ணுவாள், ஒவ்வொரு தடவையும் 11 வரும். கனவில் வரும் சத்தம் ராத்திரிக்கு ராத்திரி கணக்குத் தப்பாமல் வருமா? அது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் பார்த்தால் மாடியில் நிஜமாகவே ஆள் இருந்தான்.

ட்விஸ்ட்டைத் தவறவிட்டது பெரிய விஷயம் இல்லை. ‘உனக்கு வெறும் பிரமை’ என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னவன் அவள் கணவன், ஆளை மாடியில் ஒளித்துவைத்தவனும் அவனே. அவன் வாயால் சொன்னதை நான் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தேன். 300 பக்கமும் வில்லன் கட்சியில் இருந்து படித்திருக்கிறேன்! நாவலாசிரியர் எனக்கென்று வைத்த பொறி அது. நானோ அதில் மாட்டியதுகூடத் தெரியாமல் கடைசி அத்தியாயம் வரை கெட்டிக்காரனாக நடந்து வந்தேன். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, அந்த 7 ‘கனவு’களையும் நான் அழிக்கவில்லை.

ஒருவர் தன் புத்தியையே சந்தேகிக்கும்படி செய்வதை ‘கேஸ்லைட்டிங்’ என்று இன்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல் பேட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்தது. வீட்டில் எரிவாயு விளக்கு மங்குவதை மனைவி பார்க்கிறாள். கணவன் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்பவைக்கப் பார்க்கிறான். உண்மையில் அவன் மேல்தளத்துக்குப் போய் அங்கே விளக்கேற்றுவதால்தான் கீழே வெளிச்சம் குறைகிறது. அவள் கண்ணில் கோளாறே இல்லை.

நம்பகமற்ற கதைசொல்லி என்ற பெயரை 1961இல் கொடுத்தவர் விமர்சகர் வேய்ன் பூத். அவரும் ‘பொய் சொல்பவர்’ என்ற பொருளில் அதைச் சொல்லவில்லை. நூலின் மதிப்பீடுகளோடு கதைசொல்லியின் பேச்சும் செயலும் ஒத்துப்போகாத நிலையைத்தான் சொன்னார். இது பெரும்பாலும் பொய் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல என்றும் எழுதியிருக்கிறார். நாம்தான் அதைப் பொய் பிடிக்கும் விளையாட்டாக ஆக்கிவிட்டோம்.

சரி, வேறு எப்படிப் படிப்பது? நான் இப்போது மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: அவள் பார்த்தது சரியா, அதைப் புரிந்துகொண்டது சரியா, நம்மிடம் முழுசாகச் சொல்கிறாளா? ‘என்னைப் பார்த்ததும் அவர் கதவைச் சாத்திக்கொண்டார், என்னை அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தப்பட்டதை நம்பலாம். பிடிக்கவில்லை என்பது அவள் கணக்கு. கதவை வைத்துக்கொண்டு மற்றதைச் சந்தேகிக்க வேண்டும். புதியவர்கள் கதவையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கேள்விதான் கஷ்டமானது. தேர்ந்த எழுத்தாளரின் கதைசொல்லி அநேகமாகப் பொய்யே சொல்ல மாட்டார், விட்டுவிடுவார். அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ஒரு நாவலில் (பெயர் சொன்னால் படிக்காதவர்களுக்குப் பாவம்) ஒரு கடிதம் 8.40க்கு வருகிறது. கதைசொல்லி அறையை விட்டுக் கிளம்பும்போது மணி 8.50. இரண்டு நேரமும் அடுத்தடுத்த வாக்கியத்தில், பச்சையாக இருக்கின்றன. நடுவில் 10 நிமிடங்களைக் காணோம். பல பேர் அதைக் கடந்துதான் போயிருக்கிறார்கள், நானும்தான். கடைசியில் கதைசொல்லியே அந்த வரிகளைச் சுட்டிக்காட்டித் தன் எழுத்துத் திறமையை மெச்சிக்கொள்கிறார். 1929இல் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அந்த வகைக் கதைக்கு 10 விதிகள் வகுத்தபோது, கதை சொல்லும் வாட்சன் மாதிரியான துப்பறிபவரின் நண்பன் தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்பதையும் ஒரு விதியாக வைத்தார். இன்றைய சைக்கலாஜிக்கல் த்ரில்லர் அந்த விதியை மீறித்தான் பிழைப்பு நடத்துகிறது.

ஆகவே ‘அப்புறம் எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்’ மாதிரி வரி வந்தால் நில்லுங்கள். அந்த ‘எப்படியோ’வுக்குள் ஒரு பிணம் இருக்கலாம்.

அத்தியாயத் தலைப்பைத் தாண்டிப் போவது

பவுலா ஹாக்கின்ஸின் ‘தி கேர்ள் ஆன் த ட்ரெய்ன்’ நாவலில் மூன்று பெண்கள் மாறிமாறிப் பேசுகிறார்கள். தேதியும் காலையா மாலையா என்பதும் தலைப்பிலேயே உண்டு. ஒருத்தியின் கதை மற்றவர்களுடையதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் முன்னால் தொடங்குகிறது. தேதியைப் பார்க்காதவர்கள் பாதியில் வந்து ‘குழப்பமாக எழுதியிருக்கிறார்’ என்று குறைப்படுவார்கள். ஒலிநூலாகக் கேட்பவர்களுக்கு இன்னும் சிரமம், தேதி காதில் ஒரு தடவைதான் விழும். ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னட்டை

படிக்காதீர்கள். ‘யூகிக்கவே முடியாத முடிவு’ என்று போட்டிருந்தால் அப்போதே யூகிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

இரண்டு பேர் சொன்னால் உண்மை

இரண்டு பேரும் ஒரே ஆளிடம் கேட்டுச் சொல்லியிருக்கலாம்.

முடித்த கையோடு மூடிவைப்பது

முடிவு தெரிந்த பிறகு முதல் அத்தியாயத்தை மட்டுமாவது மறுபடி படிக்க வேண்டும். ஏமாற்றிய விதம் அங்கேதான் அப்பட்டமாகத் தெரியும். நேர்மையான எழுத்தாளர் என்றால் எல்லாத் தடயமும் அங்கேயே கிடக்கும். இல்லையென்றால் அதுவும் தெரிந்துவிடும், அவருடைய அடுத்த நாவலை வாங்காமல் விடலாம்.

அந்தப் பெண்ணையும் அப்படிப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த கூட்டத்துக்குப் புத்தகத்தோடு வந்தார். முதல் அத்தியாயத்தில் இருந்த 6 ஒட்டுத்தாள்களில் 4 போயிருந்தன. மிச்சம் இரண்டில் ‘பொய்’யை அடித்துவிட்டு, ‘இங்கே எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறாள்’ என்று எழுதியிருந்தார்.