டான்யூப் கரையோரம் குழந்தையோடு சைக்கிளில்: திட்டம் போடும்போதே நடக்கிற தவறுகள்

ஜெர்மனியின் பாஸாவ் நகரத்தில் கிளம்பி ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் ஆற்றை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதை சுமார் 320 கிலோமீட்டர். சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பல நாள் சைக்கிள் பயணம் போகலாமா என்று யார் கேட்டாலும் பெரும்பாலும் இந்தப் பாதையைத்தான் கைகாட்டுவார்கள். பாதையின் பெரும்பகுதியில் கார் தொல்லை இல்லை. மேடும் இல்லை. பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் உயர வித்தியாசமே ஏறக்குறைய 150 மீட்டர்தான், அதுவும் இறக்கம். இத்தனை சுலபமான பாதையிலும் மூன்றாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயில் ஏறும் குடும்பங்கள் உண்டு. பாதை மீது குற்றம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கில்தான் கோளாறு.

அந்தக் கணக்கு எப்போதும் ஒன்றுதான்: 320ஐ 7ஆல் வகுப்பது. நாளுக்கு 45 கிலோமீட்டர், மெதுவாகப் போனாலும் நான்கு மணி நேரம், அப்புறம் என்ன கவலை? பெரியவர்கள் மட்டும் என்றால் சரி. மூன்று வயதுக் குழந்தை கூட வந்தால் கிலோமீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, குழந்தையின் ஒரு நாள் எப்படி நகர்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். விழித்திருக்கும் குழந்தை ஒரே இடத்தில் உட்கார்ந்து வருவது அதிகபட்சம் ஒரு மணி நேரம். பிறகு இறங்கி ஓட வேண்டும், கல் பொறுக்க வேண்டும், வாத்துக்கு ரொட்டி போட வேண்டும் என்று அடம்பிடிக்கும். டிரெய்லரை, அதாவது குழந்தையை உட்கார வைத்துச் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டும் சின்ன வண்டியை, இழுத்துக்கொண்டு சமதரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் போனால் பெரிது. காலையில் ஒரு மணி நேரம், மதியத் தூக்கத்தில் ஒன்றரை மணி நேரம், மாலையில் கொஞ்சம் என்று கூட்டிப் பாருங்கள். 30, மிஞ்சிப்போனால் 35 கிலோமீட்டர் வரும். திட்டத்தில் எழுத வேண்டியது அதைத்தான்.

இதில் மதியத் தூக்கத்தைப் பலரும் வீணடிக்கிறார்கள். குழந்தை கண்ணை மூடியதும் "அப்பாடா" என்று சாப்பாட்டுக்கடையில் வண்டியை நிறுத்துவார்கள். வண்டி நின்றதும் பாதிக் குழந்தைகள் எழுந்துவிடும். மீதிக் குழந்தைகள் பெரியவர்கள் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும் நேரத்தில் தெம்பாக எழுந்து உட்காரும். நிறுத்தாமல் மிதிக்கக் கிடைக்கிற நேரமே அது ஒன்றுதான். அதனால் பதினொன்றரைக்கே எல்லோரும் சாப்பிட்டுவிட்டு, குழந்தை தூங்க ஆரம்பிக்கும்போது பாதையில் இருக்க வேண்டும்.

ஆனால் இது டிரெய்லரில்தான் நடக்கும். பின்னால் மாட்டும் இருக்கையில் தூங்கும் குழந்தையின் தலை ஒரு பக்கமாகச் சரிந்து, ஒவ்வொரு குலுங்கலுக்கும் ஆடும். அரை நாள் உலாவுக்கு அந்த இருக்கை போதும். நாள் கணக்கில் போவதற்கு அதை நம்புவது தவறு என்பது என் கருத்து. பெரும்பாலான இருக்கைகள் 22 கிலோ வரைதான் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரிலும் ஒரு பொறி இருக்கிறது. மிதிக்கிறவருக்கு வேர்க்கும், பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக் குளிரும். உங்கள் உடம்பை வைத்துக் குழந்தையின் சட்டையைத் தீர்மானிக்காதீர்கள். பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். வெயில் நாளில் கதை தலைகீழ். தூறல் நின்ற பிறகும் மழைத்திரையை எடுக்காமல் விட்டால் உள்ளே புழுங்கித் தள்ளும். வலைத்திரை மட்டும் போதும்.

ஹெல்மெட் விஷயத்தில் எல்லை தாண்டியதும் சட்டம் மாறுகிறது. ஜெர்மனியில் கட்டாயம் இல்லை. ஆஸ்திரியாவில் 2011 முதல் 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கட்டாயம், டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாலும். பின்பக்கம் புடைத்த ஹெல்மெட் போட்டால் சாய்மானத்தில் இடித்துத் தலை முன்னால் தள்ளும், குழந்தை கழற்றி எறியும். பின்பக்கம் தட்டையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

மூட்டையைப் பற்றி ஒன்றே ஒன்று. டிரெய்லரின் பின் பையில் கனமானதைத் திணிக்காதீர்கள். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வண்டி அலையும். தண்ணீர், கருவிகள், உதிரி ட்யூப் எல்லாம் சைக்கிள் கேரியர் பைகளில் அடிப்பக்கம் போகட்டும்.

விமானம் வியன்னாவில்தான் இறங்குகிறது என்பதற்காக அங்கிருந்தே மிதிக்கத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். டிரெய்லரின் அகலமான முகப்பு அந்த எதிர்காற்றை முழுசாக வாங்கும். ரயிலில் பாஸாவ் போய் ஆற்றோடு கீழே வருவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் தொலைதூர ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவு வேண்டும், இடமும் கொஞ்சம்தான், டிரெய்லரை மடித்து ஏற்ற வேண்டியிருக்கும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் பாஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. சீசனில் குழந்தை டிரெய்லர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முழுப் பாதையையும் முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. பாஸாவிலிருந்து லின்ஸ் வரை மட்டும் போனால் சுமார் 100 கிலோமீட்டர், நிதானமாக நான்கு நாள். ஷ்லேகன் அருகே ஆறு அப்படியே திரும்பி வந்த திசைக்கே போகிற பெரிய வளைவு இந்தப் பகுதியில்தான் வருகிறது. அங்கே வடகரையில் ஓரிடத்தில் பாதையே கிடையாது, படகில்தான் போக வேண்டும். படகுகள் சீசனில் மட்டும் ஓடும், மாலையில் நின்றுவிடும். அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் ஐந்தரை மணிக்குக் கரையில் போய் நின்றால் பசியோடும் குழந்தையோடும் திரும்பி மிதிக்க வேண்டியதுதான். ஒட்டென்ஸ்ஹைமில் மோட்டாரே இல்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் வேகத்திலேயே அக்கரைக்குப் போகிற படகு இருக்கிறது. குழந்தை அதில் இரண்டு முறை போகக் கேட்கும். அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

லின்ஸைத் தாண்டிப் போனால், மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாஹாவ் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பது, அழகுக்குக் குறைவில்லை. எல்லோரும் புகைப்படத்துக்காக வடகரையில் போவார்கள். அங்கே ஊர்களுக்குள் கல் பாவிய குறுகிய தெருக்கள் வரும், கோடையில் கூட்டமும் இருக்கும். டிரெய்லர் இழுப்பவருக்குத் தென்கரைதான் நிம்மதி. ஜூலையில் போனால் ஆப்ரிகாட் பழம் வழியோரக் கடைகளிலேயே கிடைக்கும். மழை பிடித்துக்கொண்டால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே கப்பல் ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள்.

தங்குமிடத்தில் இரண்டு விதமாகவும் தப்பு நடக்கிறது. எல்லா இரவுக்கும் பணம் கட்டிவிட்டு, காய்ச்சல் வந்த குழந்தையையும் இழுத்துக்கொண்டு ஓடுவது ஒன்று. எதுவுமே பதியாமல் போய் ஆகஸ்ட் சனிக்கிழமை இரவில் அறை தேடுவது இன்னொன்று. வெள்ளி, சனி இரவுகளை உறுதியாகப் பதிந்துவிட்டு, மற்ற நாட்களுக்கு ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பிடியுங்கள். ரயில் நிலையம் உள்ள ஊர்களாகப் பார்த்தால் நல்லது.

நம் ஊர்ப் பழக்கத்தில் பலர் மறக்கிற விஷயம் கடை. ஆஸ்திரியாவில் சூப்பர்மார்க்கெட்டுகள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மூடினால் திங்கள் காலைதான் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரயில் நிலையக் கடைகள் போலச் சிலதான் திறந்திருக்கும், ஆற்றோரக் கிராமத்தில் அதையும் நம்ப முடியாது. ரைஸ் குக்கரை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்து, அறையில் சமைக்கக் கூடாது என்று சொன்னதும் விழிப்பதைவிட, சமையலறை உள்ள ஒரு வீட்டை வார இறுதிக்குப் பிடித்து அங்கே இரண்டு இரவு தங்குங்கள். தயிரும் அரிசியும் சனிக்கிழமை மதியமே வாங்கிவிடலாம், டயப்பரையும் சேர்த்து.