சித்திரை வெயிலிலும் நிற்கிற ஓவர்க்ளாக்: புது கேமிங் பிசியை டெல்டாவில் ட்யூன் செய்வது எப்படி

ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் மாற்றியாயிற்று, விண்டோஸும் ஏற்றியாயிற்று, கேம் ஓடுகிறது. இனி ஓவர்க்ளாக், அதாவது நிர்ணயித்த வேகத்தைவிட வேகமாக ஓட்டுவது, செய்து பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். யூடியூபில் ஒருவர் சொல்கிற நம்பரை அப்படியே எடுத்து பயாஸில் (விண்டோஸுக்கு முன் வருகிற, மதர்போர்டின் செட்டிங் பக்கம்) போட்டுவிடாதீர்கள். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் ஏசி அறையில் அல்லது குளிர் நாட்டில் எடுத்தவை. நம் பிசி இருப்பதோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். பகல் முழுக்க தளம் வாங்கி வைத்த சூடு ராத்திரி எட்டு மணிக்கு மேலும் அறைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், நாம் கேம் ஆட உட்காருவதும் அதே நேரத்தில்தான்.

அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் சிப்பின் சூடும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும், கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி. மார்கழியில் அசையாமல் நின்ற செட்டிங் சித்திரையில் கேம் நடுவில் நீலத் திரை காட்டுவது இதனால்தான். ஆகவே நம்மூருக்கு என் வழி இது: வோல்டேஜை ஏற்றி வேகம் வாங்காதீர்கள், குறைத்து வாங்குங்கள். இப்போது வருகிற ப்ராசஸரும் கார்டும் சூடும் வாட்டும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத் தாமாகவே வேகத்தை ஏற்றிக்கொள்பவை. வோல்டேஜ் இறங்கினால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் வேகம் தானாக வரும்.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ப்ராசஸரையும் ரேமையும் நிர்ணயித்த அளவுக்கு வெளியே ஓட்டினால் வாரண்டி போகும் என்று ஏஎம்டியே எழுதி வைத்திருக்கிறது, அண்டர்வோல்ட்டும் (வோல்டேஜைக் குறைத்து ஓட்டுவது) எக்ஸ்போவும் (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் செட்டிங்) கூட அதில் அடக்கம். தெரிந்தே இறங்குங்கள்.

பயாஸுக்குப் போகும் முன் கரண்டைப் பாருங்கள். குறுவைக்கு போர் மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுகிற ஆனி, ஆடியில் கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. டியூப் லைட் மினுக்கும், ஃபேன் சுணங்கும், யுபிஎஸ் டிஸ்ப்ளேயில் 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 நிற்கும். உங்கள் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குக் கரண்ட் தரும் பவர் சப்ளை) பக்கவாட்டில் உள்ள ஸ்டிக்கரில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நிம்மதி. 200 முதல் 240 என்று மட்டும் இருந்தால், கார்டு முழு வாட் இழுக்கிற நேரத்தில் வோல்டேஜ் இறங்கும்போது பிசி பட்டென்று அணையும், நீங்கள் ஓவர்க்ளாக்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த மாதிரி இடத்தில் முதலில் நல்ல ஸ்டெபிலைசர், அப்புறம்தான் மற்றது. யுபிஎஸ் விஷயத்திலும் கவனம் வேண்டும்: கடையில் சாதாரணமாகத் தருகிற 600 விஏ யுபிஎஸ் 360 வாட் அளவில்தான் தாங்கும், கேமிங் பிசி முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணைந்துவிடும். 1000 விஏவுக்குக் குறையாமல், முடிந்தால் ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தருவது) பார்த்து வாங்குங்கள், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்களில் சில மற்ற வகை யுபிஎஸ்ஸுக்கு மாறும்போது முரண்டு பிடிக்கும். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி செய்த பிறகு மேலே படியுங்கள்.

அடுத்து தூசு. தை, மாசியில் சம்பா அறுவடைக்கு மெஷின் வயலில் இறங்கிவிட்டால் காற்றெல்லாம் வைக்கோல்தான். வீடு வயல் ஓரம் என்றால் கேபினெட்டின் முன் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறத் தூசுக்கு நடுவே மஞ்சளாகப் பொடிப்பொடியாக நெல் சுணை மெஷ்ஷில் குத்திக்கொண்டு நிற்கும். ப்ளோயரால் ஊதினால் பாதிகூடப் போகாது. கழற்றித் தண்ணீரில் கழுவி, நிழலில் ஈரம் போகக் காயவைத்து மாட்டுங்கள். ரைஸ் மில் பக்கம் இருப்பவர்களுக்கு உமிச் சாம்பல், நாகை, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று. கடலோரத்தில் ரேமையும் கார்டையும் ஸ்லாட்டிலிருந்து கழற்றும்போதெல்லாம் காண்டாக்ட் பச்சை பூத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது நல்லது. வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுகிற ஏர் கூலரை பிசிக்கு நேராக வைக்காதீர்கள். காற்று குளிர்ச்சியாகத் தெரியும், கூடவே ஈரமும் உள்ளே போகும்.

இப்போது பயாஸ் அப்டேட். இதைத் தள்ளிப் போடக்கூடாது, காரணம் இருக்கிறது. 2023-இல் ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில எரிந்துபோன பிறகு, எஸ்ஓசி வோல்டேஜ் (ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதியின் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி ஏஎம்டி பயாஸ் வழியாக வரம்பு போட்டது. இன்டெல்லில் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் அதிக வோல்டேஜ் கேட்டுக் கெட்டுப்போகிற பிரச்சினைக்கு 2024 ஆகஸ்ட்டில்தான் மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய பயாஸோடு ஓவர்க்ளாக் செய்வது தேவையில்லாத ஆபத்து. அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போகலாம். மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளிலோ மழை கட்டிய ஐப்பசி சாயங்காலத்திலோ வேண்டாம், யுபிஎஸ்ஸில் செருகி நிதானமாகச் செய்யுங்கள்.

எதையும் மாற்றும் முன் இப்போதைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு, ப்ராசஸரை முழு வேலை வாங்கி ஸ்கோர் தரும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிஷம் ஓட்டி ஸ்கோரையும் அதிகபட்ச சூட்டையும் எழுதுங்கள். அப்புறம் நீங்கள் தினமும் ஆடுகிற கேமில் ஒரே இடத்தில் நின்று எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எவ்வளவு என்று பாருங்கள். இதை மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள், ராத்திரியில் அல்ல.

முதலில் ரேம், ஏனென்றால் உழைப்பு குறைவு, பலன் அதிகம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போனால் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். டிடிஆர்5-6000 என்று பெட்டியில் போட்டு, அந்த விலையும் கொடுத்து வாங்கிய ரேம் அங்கே 4800 என்று காட்டினால், நீங்கள் வாங்கிய வேகம் இன்னும் உங்களுக்கு வந்து சேரவில்லை. பயாஸில் எக்ஸ்போ, இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, அதை ஆன் செய்து சேவ் செய்யுங்கள். அடுத்த முறை பூட் ஆகும்போது திரை கறுப்பாகவே நிற்கும், போர்டில் டிரேம் என்று எழுதிய சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம். ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள ஏஎம்5 போர்டுகள் (ரைசன் 7000 வரிசை மாட்டுகிறவை) சில நிமிஷம் எடுக்கும், அதற்குள் ஸ்விட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ரைசன் 7000 வரிசைக்கு 6000தான் பொருத்தமான வேகம் என்று ஏஎம்டியே சொன்னது, மெமரி கன்ட்ரோலரும் ரேமும் ஒரே வேகத்தில் ஓடுவது அங்கேதான் எளிது. அதற்கு மேல் போக ஆசைப்பட்டு மணிக்கணக்கில் உட்கார்வது கேமுக்குப் பெரிதாகத் தராது. ஸ்டிக் இரண்டே போதும், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி உறுதி தருகிற வேகமே 3600-க்கு இறங்கிவிடுகிறது. எக்ஸ்போ நிற்கவில்லை என்றால் வோல்டேஜைத் தொடாமல் 5600-க்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பிறகு பென்டிரைவில் மெம்டெஸ்ட்86 போட்டு நான்கு பாஸ் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த செட்டிங் ஆகாது, ரேம் பிழை கேமைக் கவிழ்ப்பதோடு நிற்காது, ஃபைலையும் கெடுக்கும். எச்டபிள்யூஇன்ஃபோவில் ரேமின் சூடும் தெரியும், 50-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தால் கேபினெட் காற்றோட்டத்தைச் சரி செய்யுங்கள்.

அடுத்து ப்ராசஸர். உதாரணத்துக்கு பி650 போர்டில் ரைசன் 5 7600 என்று வைத்துக்கொள்வோம். ஏ620 போர்டு என்றால் ப்ராசஸர் ஓவர்க்ளாக் கிடையாது, இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். பயாஸில் பிபிஓ என்ற மெனுவை (ப்ராசஸர் தானாக வேகம் ஏறும் எல்லையை மாற்றும் இடம்) அட்வான்ஸ்டு என்று மாற்றினால் உள்ளே கர்வ் ஆப்டிமைசர் (ப்ராசஸர் கேட்கும் வோல்டேஜைக் குறைக்கும் செட்டிங்) இருக்கும். ஆல் கோர்ஸ், நெகட்டிவ், 10. இதுதான் தொடக்கம். சேவ் செய்து சினிபெஞ்ச் ஓட்டுங்கள், ஸ்கோர் ஏறியிருக்கும், சூடு இறங்கியிருக்கும். சிக்கல் இல்லாமல் நின்றால் 15, அப்புறம் 20. ஒவ்வொரு படியும் 3 முதல் 5 மில்லிவோல்ட் அளவுதான், ஆகவே அவசரப்பட்டு நேராக 30-க்குத் தாவாதீர்கள்.

நிறையப் பேர் ஏமாறுவது அடுத்த கட்டத்தில்தான். கர்வ் ஆப்டிமைசர் தவறாக இருந்தால் சினிபெஞ்ச் ஒழுங்காக ஓடி முடியும், கேமும் ஓடும், ஆனால் பிரவுசரில் ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது பிசி சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் எல்லா கோரும் வேலை செய்யும்போது வேகம் குறைவு. ஒரே ஒரு கோர் லேசான வேலையில் உச்ச வேகத்துக்குப் பாயும்போதுதான் வோல்டேஜ் பற்றாமல் போகிறது. அதனால் கோர்சைக்ளர் என்ற இலவச மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒவ்வொரு கோராக மாற்றி மாற்றிச் சோதித்து, எந்த கோர் தவறியது என்று எழுதி வைக்கும். அந்த கோருக்கு மட்டும் நெகட்டிவ் அளவில் 5 குறைத்துக்கொள்ளுங்கள், 20 இருந்தால் 15. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு 7600-இல் ஒன்று 30-இல் நிற்கும், இன்னொன்று 12-இல் தடுமாறும். சிப்புக்குச் சிப்பு அப்படித்தான், நண்பருடைய நம்பர் உங்களுக்கு உதவாது.

அதே பிபிஓ மெனுவில் தெர்மல் த்ராட்டில் லிமிட் என்று ஒன்று இருக்கும். 7600-க்கு ஏஎம்டியின் வரம்பு 95 டிகிரி. நான் அதை 85 என்று போடச் சொல்வேன். அக்னி நட்சத்திரத்தில் ப்ராசஸர் தானே கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கேமில் வித்தியாசம் தெரியாது, ஃபேன் அலறாது. 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்களுக்கு வரம்பே 89தான், மல்டிப்ளையரும் (வேகத்தை நேரடியாக ஏற்றும் எண்) பூட்டியிருக்கும், கர்வ் ஆப்டிமைசர் மட்டுமே வழி, அதுவே போதும். இன்டெல் என்றால் பெயரின் கடைசியில் கே இருக்க வேண்டும், போர்டும் இஸட் வரிசையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ரேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் கடைசி, கேமில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வருவதும் இங்கேதான். என்விடியா என்றால் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள், ரேடியான் என்றால் அட்ரினலின் மென்பொருளில் உள்ள ட்யூனிங் பக்கம். 200 வாட் ஆர்டிஎக்ஸ் 4070-ஐ எடுத்துக்கொள்வோம். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினால் வோல்டேஜ், வேகம் வரைபடம் திறக்கும், புள்ளி புள்ளியாகக் கோடு மேலேறும். கீழே 950 மில்லிவோல்ட் இருக்கிற புள்ளியைப் பிடித்து 2600 மெகாஹெர்ட்ஸ் வரை தூக்குங்கள், அதற்கு வலது பக்கம் உள்ள எல்லாப் புள்ளிகளையும் அதே உயரத்துக்கு இறக்கித் தட்டையாக்கி, அப்ளை கொடுங்கள். இனி கார்டு 950-ஐத் தாண்டாது. நின்றால் 15, 15 மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள், கேம் தெறித்தால் 30 இறங்குங்கள். நல்ல கார்டு என்றால் பழைய வேகத்தையோ அதற்குப் பக்கத்திலோ, கணிசமாகக் குறைந்த வாட்டில் தரும், அறைக்குள் கொட்டுகிற சூடும் அந்த அளவு குறையும். ஏசி இல்லாத அறையில் இது உங்கள் உடம்புக்கும் நல்லது.

கார்டின் மெமரியை 500 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி ஆரம்பித்து, நூறு நூறாக மேலே போங்கள். இதில் ஒரு சூட்சுமம்: மெமரி எல்லை மீறினால் உடனே கேம் கவிழாது, பிழையைத் தானே திருத்திக்கொண்டு ஓடும், அதனால் எஃப்பிஎஸ் ஏறுவதற்குப் பதில் இறங்க ஆரம்பிக்கும். ஆகவே ஒவ்வொரு படியிலும் 3டிமார்க் என்ற சோதனை மென்பொருளின் ஸ்கோரைப் பாருங்கள், எங்கே ஏறுவது நின்றதோ அதற்கு இரண்டு படி கீழே வந்து நில்லுங்கள். 16 பின் பவர் கனெக்டர் உள்ள கார்டு என்றால் அது இடைவெளி இல்லாமல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பாதி செருகியிருந்தால் உருகலாம்.

எல்லாம் முடிந்ததும் ப்ராசஸரையும் கார்டையும் சேர்த்து ஒரே நேரத்தில் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளில் ஓட்டுங்கள், ஒரு மணி நேரம், கதவை வழக்கம்போல் வைத்துக்கொண்டு, உச்சி வெயிலில். நின்றால் உங்கள் செட்டிங் முடிந்தது. மார்கழியில் செட் செய்கிறவர்கள் நின்ற அளவிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி வையுங்கள், பங்குனி கடைசியில் மறுபடி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் ஐந்து ப்ரொஃபைல் வைக்க இடம் இருக்கிறது, குளிருக்கு ஒன்று வெயிலுக்கு ஒன்று என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் சிக்கல் இல்லாமல் ஓடும்வரை விண்டோஸ் தொடங்கும்போதே ப்ரொஃபைல் ஏறும்படி வைக்காதீர்கள்.

பயாஸ் செட்டிங்கையும் ப்ரொஃபைலாக சேவ் செய்யுங்கள், கூடவே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட்டில் அந்த ப்ரொஃபைல் அழிந்துபோக வாய்ப்பு அதிகம். திரையே வராமல் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டு மேனுவலில் க்ளியர் சிமாஸ் என்று காட்டியிருக்கிற இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் சில விநாடி சேர்த்துப் பிடியுங்கள், எல்லாம் கம்பெனி செட்டிங்குக்குத் திரும்பிவிடும், போட்டோவைப் பார்த்து மறுபடி போட்டுக்கொள்ளலாம்.