அமைதி முகாமுக்கு விண்ணப்பமா? இன்ஷியலைக் கவனியுங்கள்

மோதல் பகுதிப் பிள்ளைகளை ஒன்றாகத் தங்கவைத்துப் பேசவைக்கும் கோடை முகாம்களில் பேர்பெற்றது, 1993இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் தொடங்கிய 'சீட்ஸ் ஆஃப் பீஸ்'. இந்த மாதிரி முகாம்களுக்கு ஓசூர், அரூர் பக்கமிருந்து விண்ணப்பிப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இன்ஷியலில்தான். பள்ளிச் சான்றிதழில் 'மு. கவின்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த 'மு'வை விரித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரை முழுசாகப் போடுங்கள். காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் கவின் குடும்பப் பெயராகிவிடுவான். பெயருக்கான இடத்தில் 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். 18 வயதுக்குள் என்பதால் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு 'டி' என்ற உறுதிமொழிப் படிவமும் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும்.

அடுத்து கட்டுரை. "உலக அமைதி என் கனவு" என்று ஆரம்பித்தால் படிப்பவருக்குக் கொட்டாவிதான் வரும். காவிரித் தகராறு மூண்டால் நம்ம பஸ் தமிழக எல்லையிலுள்ள ஜூஜூவாடியோடு நின்றுவிடுமே. பையைத் தூக்கிக்கொண்டு கர்நாடகப் பக்கமுள்ள அத்திப்பள்ளிக்கு நடந்த அன்று கன்னடம் பேசும் நண்பன் என்ன சொன்னான்? அதைப் பிள்ளை எழுதட்டும், யார் பக்கம் நியாயம் என்ற தீர்ப்பு இல்லாமல். ஆங்கிலத்தை டியூஷன் சார் ரொம்ப மெருகேற்ற வேண்டாம், நேர்காணலில் சாயம் வெளுத்துவிடும்.