திடகாத்திரமான: எங்கே போடலாம், எங்கே கூடாது?

'திடகாத்திரமான' என்ற சொல்லை உடம்பு உள்ள உயிருக்கு மட்டும் போடுங்கள். கயிறு, படகு, பாலம் என்றால் 'வலுவான'. காற்று, மழை, அடி என்றால் 'பலத்த'. எழுதியதை அடித்துத் திருத்தும் வேலை பாதி குறையும்.

காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திடம் என்றால் உறுதி, காத்திரம் என்றால் உடம்பு. அதனால் 'கரைவலை இழுக்கத் திடகாத்திரமான ஆட்கள் தேவை' என்று தொண்டிப் பக்கம் ஒரு அறிவிப்பு எழுதினால் அது கச்சிதம்: தோள், முதுகு, கால் எல்லாம் சேர்ந்து கயிற்றை இழுக்கும் ஆள் கண்முன் வந்துவிடுவார். 'திடகாத்திரமான வள்ளம்' என்றால் இடறும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலம் வலுவான பாலம். 1964-இல் தனுஷ்கோடியை அழித்தது பலத்த புயல். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காதே சொல்லிவிடும்.

'திடகாத்திரமான உடம்பு' என்று பலரும் எழுதுகிறார்கள். உடம்பு இரண்டு முறை வருகிறது என்றாலும் வழக்கில் நிலைத்துவிட்டது, தப்பென்று சண்டை போட வேண்டாம். 'திடகாத்திரமான ஆள்' என்பது இன்னும் நறுக்கென்று இருக்கும். ஜல்லிக்கட்டுக் காளைக்கும் தாராளமாகப் போடலாம்.

மனசைப் பற்றிப் பேசும்போது இது உதவாது. அங்கே 'மன உறுதி' போதும். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைச் சொல்லவும் இது ஒட்டாது. அவருக்குத் 'தெம்பு வந்துவிட்டது' என்பதுதான் நம் பேச்சு.