பள்ளிக்கூடத்தில் எலி, கொசு, எறும்பு: மருந்தைக் கடைசியில் எடுங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முன், யாராவது ஒரு பாட்டில் பூச்சி மருந்து வாங்கிவந்து எல்லா வகுப்பறையிலும் அடித்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். தலைமையாசிரியையாக நான் அதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கிறேன். எங்கள் நடுநிலைப் பள்ளி மன்னார்குடிப் பக்கம். மூன்று புறம் நெல் வயல், நான்காவது புறம் வாய்க்கால். எலி, கொசு, கரையான், கதண்டு என்கிற விஷக் குளவி, அரிசி வண்டு, அவ்வப்போது ஒரு சாரைப்பாம்பு என்று எதற்கும் குறைவில்லை. இதையெல்லாம் பெரும்பாலும் விஷம் இல்லாமலே சமாளிக்கலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள். பழைய தேர்வுத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் லேபிள் கிழிந்த பாட்டில், பாதி தீர்ந்த எலி பேஸ்ட், எப்போதோ வாங்கிய கமாக்சின் பொடி எல்லாம் இருக்கும். கமாக்சின் என்று நாம் சொல்கிற பி.எச்.சி. பொடிக்கு 1997-லேயே தடை வந்துவிட்டது. மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் விற்கவே கூடாது; வயிற்றுக்குள் போனால் கல்லீரலைச் சிதைத்துவிடும். இவற்றைக் குழிதோண்டிப் புதைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு, ‘விஷம்’ என்று பெரிதாக எழுதிப் பூட்டிவிட்டு, எப்படி ஒப்படைப்பது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள்.

அடுத்து ஆசிரியர் மேசை டிராயர். அங்கே எறும்பு சாக்பீஸ் இருக்கிறதா பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குள் வரவே கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் என்னைப் பொறுத்தவரை அதுதான். வெள்ளையாக, நீளமாக, நாம் எழுதும் சாக்பீஸ் மாதிரியே இருக்கும். அதில் கலந்திருப்பதோ டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை அதை எடுத்து சிலேட்டில் எழுதும், எச்சில் தொட்டு அழிக்கும், அந்த விரலை மறுபடி வாயில் வைக்கும். எறும்புக்கு அதெல்லாம் வேண்டியதே இல்லை. வரிசை எங்கிருந்து புறப்படுகிறது என்று பொறுமையாகப் பின்தொடர்ந்து போங்கள். சுவர் விரிசல் ஒன்றில் போய் முடியும். வரிசை வந்த தடத்தை சோப்புத் தண்ணீரால் துடைத்தால் வாசனை போய்விடும், பின்னால் வருவது வழி தெரியாமல் சுற்றும். விரிசலை ஒயிட் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள். வகுப்பறையில் தின்பண்டம் சிந்துவதைக் குறைத்தால் பாதி எறும்பு தானாகவே குறையும்.

மருந்து இருந்த கேன், டப்பா எதுவும் சமையல் கூடத்துக்குள் நுழையக் கூடாது, எத்தனை முறை கழுவியிருந்தாலும் சரி. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. நம் விவசாயிகள் ‘மோனோ’ என்று சொல்லும் அதே மருந்துதான். எண்ணெய், உப்பு, பருப்பு எல்லாம் அதற்கென்றே வாங்கிய பாத்திரத்தில் மட்டும் இருக்கட்டும். காலி மருந்து பாட்டில் கண்ணில் பட்டால் ஓட்டை போட்டு, யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி ஒதுக்கிவிடுங்கள்.

எலிக்கு வருவோம். இதில்தான் எல்லோரும் அவசரப்பட்டு விஷம் வைக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, சுவரில், கதவடியில், குழாய் போகும் துளையில் எங்கெல்லாம் பென்சில் உள்ளே போகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள். பாம்பு இருக்கும் என்று தோன்றும் புதர்ப்பக்கம் மட்டும் அவர்களை அனுப்பாதீர்கள். பென்சில் போகும் சந்தில் சுண்டெலி போய்விடும். ஓட்டைக்குள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் எலி கடித்துத் திறக்க முடியாது. கதவடிக்குத் தகரப் பட்டை, தண்ணீர் வெளியேறும் துளைக்குக் கம்பி வலை. ஒரு கொத்தனார் ஒரு நாளில் முடித்துவிடுவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசினால் யாராவது ஒரு பெற்றோர் கொத்தனாராகவே இருப்பார்.

அப்புறம் கூண்டுப் பொறி. மசால் வடைதான் வைக்க வேண்டும் என்பது ஊர்ப் பேச்சு. எங்கள் அனுபவத்தில் சுட்ட தேங்காய்ச் சில்லும் கருவாடும்தான் நன்றாக வேலை செய்கின்றன, வடைக்கு எலியைவிட எறும்பு முந்திக்கொள்கிறது. எலி அறையின் நடுவில் ஓடாது, சுவரை ஒட்டித்தான் போகும். அதனால் கூண்டையும் சுவரை ஒட்டியே வையுங்கள். சாயங்காலம் மணி அடித்தபின் வைத்து, காலையில் பிள்ளைகள் வருமுன் எடுத்துவிட வேண்டும். வயலில் வைக்கும் தஞ்சாவூர் கிட்டியை, அதாவது வில்போல் வளைத்துக் கட்டிய மூங்கில் எலிப்பொறியை, பள்ளி வளாகத்துக்குள் வைக்காதீர்கள், சின்ன விரல்கள் போகும் இடம் அது. வெளி வரப்பில், விடுமுறை நாட்களில், கிட்டி கட்டுபவரே வைத்து அவரே எடுக்கட்டும். வேலியோரம் உயரமான பறவைத் தாங்கி நட்டால் ராத்திரியில் ஆந்தை வந்து உட்காரும்.

விஷம் வைத்தால் எலி எங்கேயாவது கூரைச் சந்தில் போய்ச் செத்து நாறும். அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் கேடு. செல்பாஸ் என்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ இன்னும் மோசம். ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

அரிசி மூட்டைக்குள்ளும் செல்பாஸ் போடுபவர்கள் உண்டு. சத்துணவுக் கூடத்தில் அந்தப் பேச்சே கூடாது. மூட்டைகளைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். முதலில் வந்ததை முதலில் செலவழியுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய வண்டுப் பொறி ஒன்று இருக்கிறது. சிறு துளைகள் போட்ட குழாய், அதை அரிசிக்குள் செருகி வைக்க வேண்டும். காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியாக உள்ளே நுழைந்து அடியில் விழுந்துவிடும், திரும்பி ஏற முடியாது. வண்டு வந்திருக்கிறதா என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் வீடுகளில் வைப்பதுதான், அதையும் வைக்கலாம்.

கொசு வேலைக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையை ஒதுக்குங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கவிழ்த்துவிட வேண்டும். கழிவறை வாளி, தொட்டி மூடி, சன்ஷேடில் இலை அடைத்துத் தேங்கும் மழைத் தண்ணீர், விளையாட்டுக்கு வைத்த பழைய டயர் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். புகை அடிப்பது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. அதிகாரி வருகிறார் என்று நடைபாதையில் கோலம்போல் போடும் பிளீச்சிங் பவுடரால் கொசுவுக்கு ஒன்றும் ஆகாது, அதிகாரிக்கு மட்டும் திருப்தி.

பனைமரத்தில் கதண்டுக் கூடு தெரிந்தால் தீப்பந்தம் கொளுத்த வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து அகற்றுவார்கள்.

கரையான் ஜன்னல் சட்டத்தை அரித்துவிட்டது, மருந்து தவிர வேறு வழியில்லை என்ற நிலை வரும். சரி, அப்போது நீண்ட விடுமுறையின் முதல் நாளில் செய்யுங்கள். டப்பாவில் சாய்சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்புதான் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிவப்பையும் மஞ்சளையும் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். தட்டு, டம்ளர், சிலேட்டு, பாய் எல்லாம் முன்னதாகவே வெளியே போயிருக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன் ஜன்னல்களைத் திறந்துவைத்து, தரையையும் பெஞ்சையும் ஈரத்துணியால் துடையுங்கள். எந்த அறை, எந்த மருந்து, எந்தத் தேதி, யார் அடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி, பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள். இளைப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையின் வீட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

வேலிக்கு அந்தப் பக்கம் அடிக்கிற மருந்து நம் கையில் இல்லை, ஆனால் பேசலாம். “அண்ணே, பிள்ளைங்க போனப்புறம், நாலரைக்கு மேல அடிச்சுக்கங்களேன்” என்றால் யாரும் முகம் சுளித்ததில்லை. வெயில் தாழ்ந்து அடிப்பது அவர்களுக்கும் நல்லதுதான். அப்படியும் காற்றில் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு, பிள்ளைகளை எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள்.

எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தோலில் பட்டிருந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். 108-ஐ அழையுங்கள், டப்பாவையோ பாட்டிலையோ கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இந்த இரண்டு எண்களையும் அலுவலக அறையில் மட்டுமல்ல, சமையல் கூடச் சுவரிலும் பெயிண்டில் எழுதி வையுங்கள்.